ஆர்எக்ஸ் 100ல 135 பிளாக்: விடியக்காலைல பாம்பன் பாலத்துல மட்டும் மிஸ்ஸிங், மத்தியானம் தங்கமா ஓடுது

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். வண்டி ஆர்எக்ஸ் 100, 94 மாடல், சித்தப்பா ஓட்டினது, நாலு வருசம் தொழுவத்துல சும்மா கெடந்துச்சு, நான் தான் எடுத்து உயிர் குடுத்தேன். ஆர்எக்ஸ் 135ஓட பிளாக், பிஸ்டன், மேக்னெட் தட்டு, சிடிஐ (பாயிண்ட் இல்லாம ஸ்பார்க் குடுக்குற எலக்ட்ரானிக் டப்பா), எக்ஸ்பான்ஷன் சைலன்சர், பாட் ஏர் ஃபில்டர், கிளிப்-ஆன் ஹேண்டில். பழைய பாயிண்ட் செட்ட மொத்தமா தூக்கியாச்சு.

எனக்கு ராமேஸ்வரத்துல லாட்ஜ்ல வேலை, 5 மணி ஷிப்ட். 4 மணி வாக்குல வீட்டுல இருந்து எடுப்பேன். ஒரு உதை, பத்திக்கும். மண்டபம் வரைக்கும் ஒரு குறையும் இருக்காது, மண்டபம் தாண்டி பாலம் ஏறுறதுக்கு முன்னாடியே லேசா விக்க ஆரம்பிக்கும், பாலத்து நடுவுல போனா பட்டு பட்டுனு விட்டு விட்டு அடிக்கும், சைலன்சர்ல பட்டாசு வெடிக்கும், ரெண்டு தடவ சுத்தமா ஆஃப் ஆயிருச்சு. தள்ளிக்கிட்டே பாம்பன் இறங்கி ஒரு டீய குடிச்சிட்டு உதைச்சா ஓடும், தங்கச்சிமடம் போறதுக்குள்ள தானா சரியாயிரும். இன்ஜின் சூடானதும் ஏதோ காயில் படுத்துக்குது, ஆறினா எந்திரிச்சுக்குதுன்னு நெனச்சு மேக்னெட் காயில் மாத்தினேன், சிடிஐ மாத்தினேன், பிளக் மூணு மாத்தினேன், கார்பரேட்டர ரெண்டு தடவ கழுவினேன். 5,400 ரூபா போச்சு. இன்னைக்கும் பாலத்துல தள்ளிட்டு தான் போனேன். ஒரு மாசமா இதே கூத்து. யாராவது வழி சொல்லுங்க.

தொண்டி_தம்பி:
பங்காளி டேங்க் மூடி ஓட்டை அடைச்சிருக்கும். 20 கிலோமீட்டர் ஓடினதும் உள்ள காத்து போக வழி இல்லாம பெட்ரோல் இறங்காது. அடுத்த தடவ விக்கும்போது மூடிய லேசா தெறந்து விடுங்க, புஸ்ஸுனு சத்தம் வந்தா அதான்.

சாயல்குடி_புல்லட்:
கண்டென்சர். சூடானா போகும் ஆறினா வரும், 30 வருசமா பாக்குறேன். 80 ரூபா சாமான், மாத்துங்க.

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
@தொண்டி_தம்பி மூடிய தெறந்து வச்சே ஓட்டிப் பாத்துட்டேன் அண்ணே, பெட்ரோல் தொடையில சிந்துனது தான் மிச்சம். @சாயல்குடி_புல்லட் அண்ணே இது சிடிஐ, இதுல பாயிண்டும் கெடையாது அந்த கண்டென்சரும் கெடையாது.

சாயல்குடி_புல்லட்:
அதான் தப்பு பண்ணீட்டீங்க. பாயிண்ட்னா ரோட்டோரம் உக்காந்து உப்புத்தாள் போட்டு தேச்சிட்டு வீட்டுக்கு வந்துரலாம். டப்பாவ யாரு தேய்க்குறது.

கீழக்கரை_ரைடர்:
சண்ட வேணாம் 😄. தம்பி, சாமான் மாத்துறத இதோட நிறுத்துங்க. மொதல்ல கரண்டா பெட்ரோலான்னு பிரிச்சுக்கங்க, அது தெரியாம எத மாத்தினாலும் லாட்டரி தான். பெட்ரோல் வத்திப் போனா வண்டி இழுத்து இழுத்து சாகும், திராட்டில முறுக்கினா இன்னும் மோசமாகும், சோக் போட்டா ஒரு நிமிசம் தேறும். கரண்டு போனா சுவிட்ச்ச அணைச்ச மாதிரி டப்புனு போகும், டப்புனு வரும், வரும்போது எரியாம சைலன்சருக்குள்ள சேந்து கெடந்த பெட்ரோல் மொத்தமா பத்தி வெடிக்கும். நீங்க பட்டாசுன்னு எழுதுனத பாத்தா எனக்கு கரண்டு பக்கம் தான் சந்தேகம். ஆனா பாட் ஃபில்டரும் எக்ஸ்பான்ஷனும் போட்டீங்களே, கார்பரேட்டர்ல பெட்ரோல் அளந்து விடுற மெயின் ஜெட்ட பெருசா ஏத்துனீங்களா? பிளக் நுனி என்ன கலர்ல இருக்கு? டூ ஸ்ட்ரோக்ல காத்து அதிகமாகி பெட்ரோல் கொறஞ்சா மிஸ்ஸிங்கோட நிக்காது, பிஸ்டன் பிடிச்சு பின் வீல் லாக் ஆகும், அதுவும் பாலத்து மேலன்னா சொல்லவே வேணாம்.

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
@கீழக்கரை_ரைடர் காக்கா, ஜெட் ஏத்தியாச்சு. பிளக் நல்ல காப்பிக் கலர்ல இருக்கு, ஒரு பக்கம் லேசா கருப்பு. சோக் போட்டா ஒரு மாத்தமும் இல்ல. ஆமா டப்புனு தான் போகுது.

தொண்டி_தம்பி:
அப்ப இந்த 20 சதவீதம் எத்தனால் பெட்ரோல் வேலையா இருக்கும். எத்தனால் தண்ணிய இழுக்கும், நம்ம ஊரு காத்துல தண்ணிக்கா பஞ்சம். எங்க பக்கத்து வீட்டு வண்டிக்கு டியூப் ஊறி ஊறி வெடிச்சே போச்சு.

கீழக்கரை_ரைடர்:
டியூப் ஊறுறது நெசம், நாலு வருசம் கெடந்த வண்டின்னா பெட்ரோல் டியூப், ஃப்ளோட் வாஷர் எல்லாத்தையும் புதுசா போடுறது நல்லது தான். ஆனா தண்ணி கலந்த பெட்ரோல் மண்டபம் வரைக்கும் மரியாதையா நடந்துட்டு பாலத்துல மட்டும் ஏன் வம்பு பண்ணுது? கார்பரேட்டர் அடியில இருக்க ஃப்ளோட் கிண்ணத்தைக் கழட்டி ஒரு கண்ணாடி பாட்டில்ல ஊத்தி பாருங்க, தண்ணி இருந்தா அடியில கோலிக்குண்டு மாதிரி உருளும். இல்லேன்னா இத விட்டுருங்க.

மண்டபம்_மோட்டார்:
தம்பி எனக்கு ஒரே ஒரு கேள்வி. மத்தியானம் ஷிப்ட் முடிஞ்சு திரும்பி வர்றீங்கல்ல? அதே பாலம், அதே வண்டி, மண்ட வெடிக்குற வெயிலு. அப்ப மிஸ்ஸிங் வருதா?

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
வராது அண்ணே. ஒரு நாள் கூட வந்ததில்ல. ரெண்டு பேரா வந்தா கூட தங்கமா வரும்.

மண்டபம்_மோட்டார்:
அப்ப சூடு கதைய தூக்கி கடல்ல போடுங்க. சூட்டுல காயில் போறதா இருந்தா மத்தியானம் ஒன்றரை மணிக்கு தான் மொதல்ல போகணும், விடியக்காலை நாலரைக்கு குளுரக் காத்துல ஏன் போகுது. 20 கிலோமீட்டர் ஓடினதும் வருதுன்னு நீங்க நெனைக்குறீங்க. எனக்கு என்னமோ அது தூரக் கணக்கா தெரியல, எடத்துக் கணக்கா தெரியுது. ஒரு நாள் எடுத்த எடுப்புல மண்டபத்துல இருந்தே கிளம்பி பாலம் ஏறி பாருங்களேன்.

இன்னொன்னு, மீட்டர் வச்சு காயில் பாத்தீங்கன்னா சூட்டுல ஓம்ஸ் கூடத்தான் காட்டும், பயப்படாதீங்க. செம்போட குணம் அது, 60 டிகிரி சூடு ஏறினா கால் பங்கு கிட்ட கூடும். நல்ல காயிலும் கூடும். திடீர்னு ஓபன், அதாவது கம்பி அறுந்த மாதிரி காட்டுனா தான் காயில் செத்துச்சுன்னு அர்த்தம். இது தெரியாம எத்தன நல்ல காயில் குப்பைக்கு போயிருக்கு தெரியுமா.

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
சனிக்கிழமை ராத்திரி மச்சான் வீட்டுல, மண்டபத்துல தங்கி, 4:20க்கு அங்க இருந்து எடுத்தேன். வண்டிய முத்தத்துல வெட்டவெளில தான் போட்டிருந்தேன். உதைச்ச உடனே விக்குது அண்ணே! அஞ்சாவது உதைல தான் அணையாம ஓட ஆரம்பிச்சுச்சு, பாலம் ஏறுறதுக்குள்ள மானம் போச்சு. இன்ஜின் அப்ப பச்சத் தண்ணி மாதிரி இருந்துச்சு. சூடு இல்லங்கறத ஒத்துக்குறேன். 5,400 ரூபாய எழவு எடுத்த மாதிரி ஆச்சு.

கீழக்கரை_ரைடர்:
அப்ப ஈரம். பிளக் கேப், எச்.டி வயரு, அதான் பிளக்குக்கு வர்ற வயரு. இருட்டுல வண்டிய ஸ்டார்ட் பண்ணி பிளக் வயர் மேல தண்ணிய தெளிச்சு பாருங்க, நீல நீலமா பொறி ஓடுதான்னு.

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
கேப் புதுசு காக்கா. தண்ணி தெளிச்சும் பாத்துட்டேன், அசையல. அதவிட ஒன்னு சொல்றேன், ஐப்பசி மழைல பட்டணங்காத்தான்ல இருந்து வீடு வரைக்கும் தொப்பலா நனைஞ்சு வந்தேன், முட்டளவு தண்ணில விட்டேன், ஒரு மிஸ்ஸிங் இல்ல. ஈரம்னா அன்னைக்கு செத்திருக்கணும்ல?

சாயல்குடி_புல்லட்:
நான் இன்னமும் சொல்றேன், பாயிண்ட்டுக்கு மாறுங்க.

மண்டபம்_மோட்டார்:
@சாயல்குடி_புல்லட் அண்ணே நீங்க டீ குடிங்க.
தம்பி, கடைல நியான் பல்பு வச்ச ஸ்பார்க் டெஸ்டர் கெடைக்கும், 150, 200 ரூபாக்குள்ள தான். பிளக்குக்கும் கேப்புக்கும் நடுவுல மாட்டுறது. அத டேங்க் பக்கத்துல தெரியுற மாதிரி கட்டிக்கிட்டு நாளைக்கு இருட்டுல ஓட்டுங்க. வண்டி விக்கும்போது பல்பும் விக்குதா, இல்ல பல்பு ஒழுங்கா மினுக்க வண்டி மட்டும் விக்குதா. இது ஒன்னு தெரிஞ்சா பாதி வேல முடிஞ்சது. ரோட்டப் பாத்து ஓட்டுங்க, பல்பையே பாத்துக்கிட்டு போயி கைப்பிடி சுவத்துல சாத்தீராதீங்க.

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
மாட்டினேன். மரைக்காயர்பட்டினம் தாண்டுற வரைக்கும் ஆரஞ்சு கலர்ல ஒரே சீரா தந்தி அடிச்ச மாதிரி மினுக்குச்சு. கடல் தெரியுற எடம் வந்ததும் நடுநடுவுல ஒன்னு ரெண்டு விட ஆரம்பிச்சுச்சு, பாலத்து மேல ரெண்டு அடிச்சா மூணு விடுது, வண்டி ஆஃப் ஆன நேரத்துல பல்பு சுத்தமா இருட்டு. சக்கரம் இன்ஜின சுத்திக்கிட்டு தான் இருந்துச்சு, கிளட்ச் பிடிக்கல. அப்ப கரண்டு தான். நிப்பாட்டி பாக்கலாம்னா பாலத்துல நிக்க விட மாட்டேங்குறாங்க, புது ரயில் பாலம் வந்ததுல இருந்து தூக்கு பாலத்த போட்டோ எடுக்க நிக்குற வண்டியால நமக்கும் வெரட்டு.

பாம்பன்_வல்லம்:
நான் வண்டி ஆள் இல்ல, நாட்டுப்படகுக்கு அவுட்போர்டு இன்ஜின் வேல பாக்குறவன். மச்சினன் இத காட்டினான், படிச்சு வந்தேன். தம்பி உன் வண்டிய சுத்தி நாலு போட்டோ போடு. ஹேண்டில் ரெண்டு பக்கமும் கிட்டக்க எடுத்து போடு.

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
போட்டுட்டேன் அண்ணே. அழுக்கா இருக்கும் கண்டுக்காதீங்க.

பாம்பன்_வல்லம்:
இடது கை பக்கம் செவப்பு பட்டன் ஒன்னு இருக்கே அது என்ன? மொதப் பதிவுல நீ மாத்துன சாமான் எல்லாம் எழுதுன, இத எழுதல.

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
அது கில் சுவிட்ச் அண்ணே, வண்டிய அணைக்குற பட்டன், கிளிப்-ஆன் போட்டப்ப அலுமினியத்துல அழகா இருக்குன்னு ஆன்லைன்ல 180 ரூபாக்கு வாங்கினது. ஆவணில போட்டது, அப்ப இருந்து மூணு மாசம் ஒரு பிரச்சனயும் இல்லையே, அதான் எழுதல. மீட்டர் வச்சும் பாத்தேன், ஆஃப்ல ஓபன், அமுக்கினா ஷார்ட்டு, கரெக்டா வேல செய்யுது.

பாம்பன்_வல்லம்:
எத்தன மணிக்கு மீட்டர் வச்ச?

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
ஞாயித்துக்கிழமை மத்தியானம்.

பாம்பன்_வல்லம்:
அங்க தான் இருக்கு. பொறுமையா கேளு, கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

சிடிஐல கில் வயரு 12 வோல்ட் வயர் இல்ல. உன் வண்டில கருப்புல வெள்ளக் கோடு போட்டு சாவிக்கும் சுவிட்ச்சுக்கும் வருதுல்ல, அது மேக்னெட் உள்ள இருக்க சார்ஜ் காயிலோட நேர் தொடர்பு. வண்டி ஓடும்போது அதுல 100, 200 வோல்ட் வரைக்கும் நிக்கும், கை வச்சா சுளீர்னு உதைக்கும். அத எர்த்ல தட்டி விட்டா சிடிஐ டப்பாக்கு சாப்பாடு இல்ல, வண்டி நிக்கும், அவ்வளவு தான் கில் சுவிட்ச். அப்ப முழுசா எர்த் ஆக வேண்டியதில்ல, அரைகுறையா கசிஞ்சாலே போதும், சாப்பாடு கொறஞ்சு ஸ்பார்க் விட்டு விட்டு வரும். உன் மீட்டர் ஒன்றோ மூணோ வோல்ட் விட்டு பாக்கும், அதுவும் காஞ்ச சுவிட்ச்ச. அது ஓபன்னு தான் காட்டும்.

இப்ப மழை கதைக்கு வர்றேன். மழத்தண்ணி உப்பக் கழுவிட்டு போயிரும், சுத்தத் தண்ணில கரண்டு அவ்வளவா பாயாது. பனி அப்படி இல்ல, உள்ள கெடக்குற உப்ப கழுவாது, ஊற வைக்கும். வீட்டுல உப்பு ஜாடி மார்கழில கசியுது பாத்திருக்கியா? காத்துல ஈரம் 75 சதவீதம் தாண்டுச்சுன்னா உப்பு தானா தண்ணி குடிச்சு நொசநொசன்னு ஆயிரும். மூணு மாசமா உன் சுவிட்ச்சுக்குள்ள உப்புக்காத்து போயி போயி படிஞ்சிருக்கு. ஆவணில தென்மேக்க இருந்து வர்ற கச்சான் காத்து, நீ ராமேஸ்வரம் போகைல வலது பக்கம் அடிக்கும். இப்ப வடக்க இருந்து வர்ற வாடை. பாலத்துல கெழக்க பாத்து போனா பாக் கடல் பக்கம் உனக்கு இடது கை, வாடை நேரா அந்த பட்டன் மூஞ்சில தான் அடிக்குது. மத்தியானம் வெயிலு காய வச்சிருது, திரும்பும்போது அந்தக் கை மன்னார் வளைகுடா பக்கம். அதான் உனக்கு ஒன்னும் தெரியல. தங்கச்சிமடத்துல சரியாகுறதும் டீ குடிச்ச நேரத்துனால இல்ல, அங்கிட்டு தென்ன மரம் வீடுன்னு மறைப்பு வந்துருது.

எங்க அவுட்போர்டுலயும் கயிறு மாட்டுற சுவிட்ச் இருக்கு, அது இப்படி கசிஞ்சு நடுக்கடல்ல நின்னு போன வல்லம் எத்தனையோ கட்டி இழுத்துட்டு வந்திருக்கோம். சீல் வச்ச சுவிட்ச்சுக்கே அந்த கதி. உன் 180 ரூபா அலுமினியம் எம்மாத்தரம்.

நம்ப வேணாம், செஞ்சு பாரு. ஒரு டம்ளர் தண்ணில ரெண்டு கரண்டி உப்ப கலக்கி ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்து. மத்தியானம் வண்டிய வீட்டு வாசல்ல ஓட விட்டு சுவிட்ச் மேல ரெண்டு தடவ அடி. வேற எங்கயும் அடிக்காத, அடிச்சதும் கைய வைக்காத.

தொண்டி_தம்பி:
யப்பா. இதுக்கு தான் இந்த எடத்துக்கே வர்றேன்.

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
அண்ணே கை நடுங்குது டைப் பண்ண.

மொத ஸ்ப்ரேல ஒன்னும் இல்ல. ரெண்டாவது அடிச்சு ஒரு பத்து எண்ணுறதுக்குள்ள விக்க ஆரம்பிச்சுது, அதே பாலத்து சத்தம், அதே பட்டாசு, எங்க அம்மா என்னடா வெடின்னு ஓடி வந்துட்டாங்க. மூணாவது அடிக்கு ஆஃப். உடனே சிடிஐ பக்கத்துல அந்த கருப்பு வெள்ள வயர மட்டும் பிரிச்சு விட்டு உதைச்சேன், சுவிட்ச் சொட்ட சொட்ட நனைஞ்சு கெடக்கு, வண்டி பாட்டு பாடுது.

சாவி போட்டு அணைக்க முடியாதுங்கறத மறந்துட்டேன், அப்பறம் நாலாவது கியர் போட்டு பிரேக்க அமுக்கி கிளட்ச்ச விட்டு நிப்பாட்டினேன்.

சுவிட்ச்ச பிரிச்சு பாத்தேன். போட்டோ போட்டிருக்கேன். ரெண்டு பித்தளை காலுலயும் பச்சையா களிம்பு, நடுவுல வெள்ளையா உப்பு பூத்து கெடக்கு, அந்த பிளாஸ்டிக்ல ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு பென்சில்ல கோடு கிழிச்ச மாதிரி கருப்பா மெல்லிசா ஒரு கோடு. நகத்தால சொரண்டினேன் போகல.

பாம்பன்_வல்லம்:
அது கரிக்கோடு. கரண்டு கசிஞ்சு கசிஞ்சு பிளாஸ்டிக்க கருக்கி தனக்குன்னு ஒரு பாத போட்டுக்குச்சு. ஈரம் பட்டா அதுல தான் ஓடும். இனிமே அத கழுவுனாலும் சரிவராது.

கீழக்கரை_ரைடர்:
மாஷா அல்லாஹ். @பாம்பன்_வல்லம் அண்ணே இத்தன நாளு எங்க இருந்தீங்க. நான் பிளக் வயர்லயே நின்னுட்டேன். கில் வயர மொதல்ல பிரிச்சு விட்டு ஓட்டிப் பாக்க சொல்லியிருக்கணும், அஞ்சு நிமிச வேல, காசு செலவே இல்ல.

மண்டபம்_மோட்டார்:
சாவி சுவிட்ச்சையும் பாத்துருங்க தம்பி, அதுவும் அதே வயர்ல தான் நிக்குது. 94 மாடல் சாவி, உள்ள என்ன பூத்து கெடக்கோ.

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
சாவி மேலயும் உப்புத்தண்ணி அடிச்சேன் அண்ணே, அசையல. ஆனா கழட்டி துடைச்சு கிரீஸ் வச்சுட்டேன். இப்ப என்ன சுவிட்ச் போடலாம்?

பாம்பன்_வல்லம்:
சாவி இருக்கைல கில் சுவிட்ச் எதுக்கு? தூக்கிரு. வயர வெட்டி சும்மா டேப் சுத்தாத, டேப்புக்குள்ள உப்பு ஊறும், சால்டர் வச்சு, சூடு காட்டினா சுருங்குற ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு மூடு. இருந்தே தீரணும்னா கம்பெனி பழைய மாடல் சுவிட்ச் கட்டைய வாங்கி உள்ள சிலிக்கான் கிரீஸ் அடைச்சு போடு, அதுவும் கெடைக்கலேன்னா வாசலின். டேங்குக்கு அடியில இருக்க சாக்கெட் ஒவ்வொன்னும் பிரிச்சு பச்சையா இருந்தா சொரண்டி அதே மாதிரி பண்ணு. தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் போயிட்டு வந்தா அன்னைக்கே நல்ல தண்ணில கழுவு, வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் வச்சு ஹேண்டில்ல அடிக்க விடாத, உள்ள தள்ளி விட்டுருவாங்க.

தொண்டி_தம்பி:
பங்காளி அந்த பழைய மேக்னெட் காயிலும் சிடிஐயும் நல்லா தான இருக்கு? விக்குறதா இருந்தா சொல்லுங்க 😁

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
ரெண்டும் எடுத்து வச்சிருக்கேன், வழில படுத்தா மாத்திக்கலாம்னு டூல் பாக்ஸ்ல போட்டாச்சு. விக்க மாட்டேன்.

உச்சிப்புளி_ஆர்எக்ஸ்:
பன்னெண்டு நாள் ஆச்சு, நெலவரம் சொல்ல வந்தேன். கில் சுவிட்ச் இல்லாம தான் ஓடுது. நேத்து நல்ல பனி, பாலத்துல கைப்பிடி சுவரு நனைஞ்சு மினுங்குச்சு, ஹெல்மெட் கண்ணாடிய மூணு தடவ துடைச்சேன். நியான் பல்ப இன்னும் கழட்டல. ஒரு மினுக்கு கூட விடல. ஹாரன் தான் அடிக்க மாட்டேங்குது, வயரிங்ல கை வச்சப்ப எதையோ மாத்தி மாட்டிட்டேன் போல, அது தனிக்கத.

சாயல்குடி_புல்லட்:
சந்தோசம் தம்பி. சொன்னா கோவிச்சுக்குவீங்க, புல்லட் மாதிரி பேட்டரில ஓடுற பாயிண்ட்னா கில் சுவிட்ச்ல 12 வோல்ட் தான்.

மண்டபம்_மோட்டார்:
அண்ணே அந்த ஒரு விசயத்துல நீங்க சொல்றது சரி தான். 😂 அத ஒத்துக்குறதுக்கே எனக்கு வலிக்குது.

பாம்பன்_வல்லம்:
தம்பி அந்த பழைய சுவிட்ச்ச தூக்கி போட்டுட்டியா? இருந்தா பாலம் இறங்குனதும் டீக்கடைல குடுத்துட்டு போ. நம்ம பட்டறைல ரெண்டு பயலுக வேல கத்துக்குறானுங்க, அந்த கரிக்கோட்ட அவனுங்களுக்கு காட்டணும்.